வேலூரிலிருந்து கடலுக்கு: ஆட்டு மந்தைகளுக்கு நடுவே ஒரு நாள் கார் பயணம்

நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்க் கடலில் முடிகிற சாலையை வீடியோவில் பார்த்துவிட்டு, வேலூரிலிருந்து கிளம்பினால் அப்படி ஒரு வழி நமக்கும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்கரச் சாலை வேண்டாம், காரில் வயதான அம்மாவும் ஏழாவது படிக்கும் பையனும் வருகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உண்டு. கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம், மரக்காணம். சுமார் 160 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் நான்கு மணி நேரம் போதும். ஆனால் நிற்காமல் ஓட்டுவதாக இருந்தால் காஞ்சிபுரம் வழியாகவே போய்விடுங்கள், இந்த வழி உங்களுக்கு வேண்டாம்.

கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் நான். இந்தச் சாலையோரக் கிராமங்களில் பாதிக்கு மேல் ஆட்டுப் பட்டிகள் வழியாகத்தான் எனக்கு அறிமுகம். அதனால் என் பதில் கொஞ்சம் ஆட்டுப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்துக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே ஆடு வேலிக்குள் நிற்கும். வெள்ளை வெளேரென்று கம்பளி, கீழே வருஷம் முழுக்கப் பச்சை. ஆள் கண்ணில் பட மாட்டார். 1982-இல் அந்த நாட்டில் 7 கோடி செம்மறி ஆடுகள் இருந்தன. கம்பளி விலை விழுந்து, மேய்ச்சல் நிலம் பால் பண்ணைக்கும் காட்டுக்கும் மாறி, இப்போது இரண்டரைக் கோடிக்கும் கீழே வந்துவிட்டது. நம் பக்கம் வேலி கிடையாது. ஆட்டுக்காரருக்குச் சொந்த நிலமே இல்லாமலும் இருக்கும். அறுத்த வயல், வற்றிய ஏரி, மலையடிவாரம், சாலையோரம் என்று மந்தை நடந்துகொண்டே இருக்கும், கூடவே ஆளும் நடப்பார். அங்கே சாலையிலிருந்து ஆட்டை வேடிக்கை பார்க்கலாம். இங்கே ஆடே சாலைக்கு வந்துவிடும்.

நம் ஆட்டுக்குக் கம்பளியும் கிடையாது. வட ஆற்காடு, செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கமெல்லாம் நீங்கள் பார்க்கப்போவது சென்னை சிவப்பு என்ற செம்மறி இனம், ஆங்கிலப் பெயரில் மெட்ராஸ் ரெட். செம்பழுப்பு நிறத்தில் குட்டை முடி. சிலவற்றுக்கு நெற்றியிலோ தொடையின் உட்புறமோ வெள்ளை இருக்கும். கிடாவுக்கு மட்டும் வரி வரியாக முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பு இராது. கறிக்கும் தோலுக்குமான ஆடு இது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் மாவட்டத்தைச் சுற்றித் தோல் தொழிற்சாலைகள் வளர்ந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட மந்தைகள் இருக்கின்றன. அந்தத் தொழில் பாலாற்றை என்ன செய்தது, உச்ச நீதிமன்றம் 1996-இல் என்ன தீர்ப்புச் சொன்னது என்பதெல்லாம் வேறு கதை. நம் வழி பாலாற்றை விட்டுத் தெற்கே திரும்பிவிடுகிறது.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். காரில் வரும்போது செம்மறி எது, வெள்ளாடு எது என்று அவன் சொல்லிக்கொண்டு வரட்டும். வால் மேலே தூக்கியிருந்தால் வெள்ளாடு, கீழே தொங்கினால் செம்மறி. வெள்ளாடு முன்னங்காலை மரத்தில் ஊன்றித் தழையை எட்டும். செம்மறி தலையைக் குனிந்தால் நிமிராது, தரையோடு தரையாகவே மேயும். ஆரணி போய்ச் சேர்வதற்குள் பழகிவிடுவான்.

இப்போது முக்கியமான விஷயம், கிளம்பும் நேரம். சுற்றுலா என்றாலே விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பச் சொல்வார்கள். இந்தப் பயணத்துக்கு அது சரிப்படாது. நாலு மணிக்குக் கிளம்பினால் ஒரு மந்தையையும் பார்க்காமல் கடலுக்குப் போய்ச் சேர்வீர்கள். விவரம் தெரிந்த ஆட்டுக்காரர் பனி காயாமல் பட்டியைத் திறக்க மாட்டார். ஈரப் புல்லின் நுனியில் குடற்புழுவின் இளம்பருவம் ஏறி நிற்கும், அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டுக்கு வயிற்றில் புழு சேரும். இதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை. "பனிப் புல்லு ஆகாது சார்" என்பார், அவ்வளவுதான். எட்டரை, ஒன்பது மணிக்கு மேல்தான் மந்தை வெளியே வரும். உச்சி வெயிலில் மரத்தடியிலோ ஏரிக்கரையிலோ நின்றுவிடும். மறுபடி மூன்று, மூன்றரைக்கு மேய ஆரம்பித்து, பொழுது சாயும்போது திரும்பும். உங்கள் நேரத்தை இதற்கு ஏற்பக் கணக்குப் போடுங்கள். காலை ஏழு மணிக்கு வேலூரில் கிளம்பினால் சரியாக இருக்கும்.

பாகாயம் தாண்டிக் கணியம்பாடி வந்ததும் மலை தொடங்கும். வலது கைப்பக்கம் ஜவ்வாது மலைத்தொடர் கண்ணமங்கலம் வரை விடாமல் கூடவே வரும். கணியம்பாடியில் பிரிந்தால் அமிர்தி. அருவியும் சின்ன விலங்குப் பூங்காவும் உண்டு, ஆனால் அது தனியாக ஒரு நாளைக்கான இடம், இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். கண்ணமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் படவேடும் அப்படித்தான். சம்புவராயர்களின் தலைநகரமாக இருந்த ஊர், ரேணுகாம்பாள் கோயில் ஊர். அம்மா கேட்டால் மட்டும் திரும்புங்கள், திரும்பினால் செஞ்சியை விட்டுவிட வேண்டிவரும். கண்ணமங்கலத்தில் திருவண்ணாமலை சாலையை விட்டு இடப்பக்கம் ஆரணிக்குப் பிரியுங்கள்.

ஆரணியில் டிபன். பட்டுத்தறியும் அரிசி ஆலையுமாக இருக்கும் ஊர். பெட்ரோலும் இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் புடவைக் கடைப் பக்கம் காரைத் திருப்பினால் பதினொரு மணிக்குத்தான் வெளியே வருவீர்கள், அது உங்கள் பாடு.

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுக்கு நேர் வழி உண்டு. ஆனாலும் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்று தேவிகாபுரம் வழியாகப் போகச் சொல்வேன். பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரம் ஊருக்கு வெகு முன்பே தெரியும், பின்னால் கனககிரிக் குன்று. இங்கிருந்து சேத்துப்பட்டு, வளத்தி, செஞ்சி வரைக்கும்தான் நீங்கள் கேட்ட ஆட்டு நாடு. மேடும் பள்ளமுமான செம்மண், மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட கொல்லை, வரிசையாகப் பனை, ஊருக்கு ஒன்று இரண்டு ஏரி. ஏரியில் தண்ணீர் குறையக் குறையக் கரையோரம் புல் முளைக்கும், மந்தை அங்கே இறங்கும். தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்ததும் அடித்தாளில் ஆடு விடுவார்கள். அப்போது இந்தப் பகுதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பழுப்புக் கூட்டம் தெரியும்.

அந்த நாட்களில் வயலுக்கு நடுவே கிடை போட்டிருப்பதைப் பார்க்கலாம். இரவில் மந்தையை ஒரு வயலில் வலை கட்டி அடைப்பார்கள். மறுநாள் வலையைப் பிடுங்கிப் பக்கத்து வயலில் கட்டுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு எரு. நிலத்துக்காரர் அதற்காக ஆட்டுக்காரருக்குப் பணமாகவோ நெல்லாகவோ கொடுப்பார். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று விவசாயி சொல்வது இதை வைத்துத்தான். பகலில் அந்த வழியாகப் போனால், பெரிய மந்தை மேயப் போயிருக்க, வயலில் கவிழ்த்துப் போட்ட பெரிய மூங்கில் கூடைகள் இருக்கும். வண்டியை நிறுத்தி இறங்கிக் கிட்டே போங்கள். கூடை இடுக்கு வழியாகச் சின்னச் சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தாயோடு நடக்க முடியாத குட்டிகள். காவலுக்கு ஒரு பாட்டியோ ஒரு நாயோ இருக்கும். நாய் இருந்தால் தூரத்திலேயே நில்லுங்கள். பாட்டி இருந்தால் "குட்டியைக் கொஞ்சம் காட்டுங்க ஆயா" என்று கேளுங்கள், தூக்கிக் கையிலேயே கொடுத்துவிடுவார். பையன் தொட்டுப் பார்த்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள்.

உச்சி வெயிலில் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. நிழல் கிடைக்காத இடத்தில் மந்தை வட்டமாக நெருங்கி நின்று, ஒவ்வொரு ஆடும் பக்கத்து ஆட்டின் வயிற்றுக்கடியில் தலையைச் செருகிக்கொள்ளும். வெளியே முதுகு மட்டும்தான் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் ஆட்டுக்கு ஏதோ நோய் என்று பதறுவார்கள். நோயெல்லாம் இல்லை, தலைக்கு நிழல் தேடுகிறது, அவ்வளவுதான்.

மந்தை சாலையைக் கடக்கும்போது ஹாரன் அடிக்காதீர்கள். ஒரு ஆடு போன வழியில்தான் அடுத்ததும் போகும். நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று காரை நுழைத்தால், பின்னால் வருவது நிற்காமல் சக்கரத்துக்கு அடியில் வந்து விழும். என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். கடைசி ஆடு போனதும் கிளம்பிவிடவும் கூடாது. நொண்டியும் குட்டியும் எப்போதும் பின்னால்தான் வரும். தொரட்டிக்கோலோடு ஆள் கடந்து போய், உங்களைப் பார்த்துக் கையை ஆட்டிய பிறகு எடுங்கள். ஓர் ஆடு அடிபட்டால் அவருக்கு எத்தனை மாத உழைப்பு போகும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். விலை பேசிக் கொடுத்துவிடலாம் என்பீர்கள். வயிற்றில் குட்டியோடு இருக்கும் பெட்டைக்கு யார் சரியான விலை சொல்வது?

சேத்துப்பட்டில் லூர்து அன்னை ஆலயத்தின் உயரமான கோபுரம் கண்ணில் படாமல் போகாது. ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அடுத்து வளத்தி. இங்கே பிரிகிற சாலை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறது. அமாவாசை அன்று மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வருகிற பஸ்ஸும் வேனும் சேர்ந்து மத்தியானத்திலிருந்தே சாலையை அடைத்துவிடும். நாள் குறிப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதற்காகத்தான்.

வளத்தி தாண்டியதும் மண் மறைந்து கல் தொடங்கும். குன்றுகளெல்லாம் உருண்டைப் பாறைகளைக் குவித்து வைத்ததுபோல நிற்கும். யாரும் குவிக்கவில்லை. பழைய கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டு, விரிசலில் மழைநீர் இறங்கி ஓரமெல்லாம் கரைந்து, உள்ளே இருந்த கெட்டிப் பகுதி உருண்டையாக மிஞ்சியது. நியூசிலாந்து வீடியோவில் இது கிடையாது. இந்தக் கல்லிடுக்கில் ஏறி மேய்வது பெரும்பாலும் வெள்ளாடுதான், பையனின் கணக்கு இங்கே மாறும்.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எல்லோரும் தேசிங்கு ராஜனில் தொடங்குவார்கள். அவர் 1714-இல் இறந்தவர், கடைசி அத்தியாயம். உங்கள் பயணத்துக்குப் பொருந்துவது முதல் அத்தியாயம். 1200-ஆம் ஆண்டு வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர், இங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது மலையில் புதையல் கிடைத்து, அதை வைத்து முதல் கோட்டையைக் கட்டினார் என்பது செஞ்சியின் பழங்கதை. இன்றைய ராஜகிரிக்கு அப்போது ஆனந்தகிரி என்று பெயர். அடுத்து வந்த கிருஷ்ணக் கோன் பெயரில் எதிரே கிருஷ்ணகிரி. புதையல் கதையை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆனால் தண்ணீர் எங்கே ஊறும், எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளியலாம், எந்தப் பக்கம் ஏற முடியாது என்பது ஆடு மேய்ப்பவருக்குத் தெரிகிற அளவுக்கு யாருக்குத் தெரியும்? அந்த இடத்தேர்வு எவ்வளவு சரி என்பது ஐந்நூறு வருஷம் கழித்துத் தெரிந்தது. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய இந்தக் கோட்டையை, அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது, 1690-இலிருந்து 1698 வரை முகலாயப் படை முற்றுகை போட வேண்டியிருந்தது. கடைசியில் கோட்டை விழுந்தது, ராஜாராம் தப்பிவிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

நீங்கள் போய்ச் சேர்வதற்குப் பத்தரை, பதினொரு மணி ஆகும். அந்த வெயிலில் ராஜகிரி ஏறாதீர்கள். சுமார் 800 அடி, படிகளும் செங்குத்து. குரங்கு வேறு கையில் இருப்பதைப் பிடுங்கும். அம்மாவோடு கீழேயே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பாருங்கள், மர நிழல் இருக்கிறது. பையன் ஏறியே ஆகவேண்டும் என்றால் அவனும் நீங்களுமாக உயரம் குறைந்த கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டு வாருங்கள். கீழ்க்கோட்டையில் இருக்கும் வெங்கடரமணர் கோயிலையும் விடவேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். இரவு புதுச்சேரியில் தங்கினால் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை போக முடிந்தால் ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். செஞ்சியில் அன்று வாரச்சந்தை. விடியும் முன்பே ஆடு இறங்கிவிடும், வெயில் ஏறுவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். தீபாவளி, பக்ரீத், பொங்கலுக்கு முந்தைய வெள்ளி என்றால் நிற்க இடம் இருக்காது. இதைப் பார்க்க வேண்டுமானால் மேலே சொன்ன நேரக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு முந்தின நாளே செஞ்சிக்கு வந்து தங்குங்கள். தரகர் ஆட்டின் இடுப்பெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார், தராசில் நிறுத்துவதெல்லாம் அப்புறம்தான். எலும்பு எந்த அளவுக்குக் கையில் தட்டுகிறது என்பதை வைத்து, எத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அரைக் கிலோ முன்பின்னாகச் சரியாக இருக்கும்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் 28 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து வருகிற தேசிய நெடுஞ்சாலை, லாரி அதிகம், முந்துவதில் அவசரம் வேண்டாம். திண்டிவனத்தில் பார்க்க நிற்க வேண்டியதில்லை, சாப்பிட நிற்கலாம். சென்னை நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து மரக்காணம் சாலையைப் பிடியுங்கள்.

பிரம்மதேசம் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடும். மலை எதுவும் கண்ணில் இருக்காது, பனை மட்டும் கூட வரும். தெற்கே கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி என்பார்கள், 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை வலசைப் பறவைகள் இருக்கும். அதன் கரையிலும் ஆடு மாடு மேய்வதைப் பார்ப்பீர்கள், ஆனால் எங்கள் துறைக்காரனுக்கு அது அவ்வளவு நல்ல காட்சி இல்லை. சதுப்பு ஈரத்தில் நத்தை, நத்தை வழியாக ஈரல் தட்டைப்புழு. மேட்டுநிலத்து மந்தைக்காரர் இந்தப் பக்கம் ஓட்டி வரத் தயங்குவார்.

மரக்காணத்தில் உப்பளம். சங்க காலத்து ஓய்மா நாட்டின் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தை, மாசியில் பாத்தி கட்டி நீர் பாய்ச்சுவார்கள், பங்குனி, சித்திரையில் குவியல் குவியலாக உப்பு வெயிலில் மின்னும். கறுப்புக் கண்ணாடி இருந்தால் எடுத்துப் போங்கள்.

இங்கே தெற்கே திரும்பினால் புதுச்சேரி. எல்லோரும் அப்படித்தான் திரும்புவார்கள். நீங்கள் முதலில் வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் வரை போய், ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். வேலூர்க்காரர்களுக்கு அங்கே போக ஒரு உரிமை இருக்கிறது. 1735 வாக்கில் அது ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் கையில் இருந்த துறைமுகம், நம் பக்கத்து அரசாங்கத்துக்குக் கடலுக்கான வாசல். 1750-இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குப் போனது. 1760-இல் வந்தவாசிச் சண்டையில் தோற்ற பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடுங்கி இடித்தார்கள். மிச்சத்தைக் கடலும் 2004 சுனாமியும் பார்த்துக்கொண்டன. செங்கல் சுவரும் சுண்ணாம்பும்தான் பாக்கி. சுவர்மேல் பையனை ஏறவிடாதீர்கள், பெயர்ந்து விழும். உப்பங்கழியில் படகுக்காரர்கள் இருப்பார்கள், கூலியை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். அந்தக் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

எப்போது போவது? தை கடைசி முதல் மாசி முடிய. சித்திரைக்கு மேல் நுங்கும் பதநீரும் கிடைக்கும், ஆனால் பத்து மணிக்கு மேல் ஆளும் ஆடும் வெளியே நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை பச்சைப் பசேலென்று இருக்கும், படத்துக்கு நன்றாக வரும். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. அது போக, மழைக்காலம் ஆட்டுக்கு நீலநாக்கு, துள்ளுமாரி என்ற நோய்கள் வரும் பருவம், ஆட்டுக்காரர் உங்களோடு நின்று பேசும் மனநிலையில் இருக்க மாட்டார்.

இரவே வேலூர் திரும்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல்லும் மல்லாட்டையும் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்து, மேலே தார்ப்பாய் போட்டிருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது. புதுச்சேரியிலோ மரக்காணம் பக்கமோ தங்கிவிட்டு, மறுநாள் திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு வழியாகத் திரும்புங்கள். அந்தச் சாலையில் மலை குறைவு, ஏரி அதிகம், நேரமும் மிச்சம். ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.